செயின் லாக்

"மாமா, டர்ட் பைக்க வாங்கப் பண்ருட்டிக்காரரு பத்து மணிக்கு வந்துடுவாரு. செயினெல்லாம் ஒரே மண்ணு."

"கழட்டிக் கழுவேன்" என்றான் அருள்முருகன், ஸ்டூலை விட்டு அசையாமல்.

"ரேஸ் ஓட்டுனது நீங்க, கழுவுறது நானா?"

முணுமுணுத்தபடி அனுப்பிரியா, செயினின் இரு முனைகளையும் பிணைக்கும் சிறு கிளிப்பான லாக்கை நெம்பிச் செயினை உருவினாள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தாள்.

"சக்கரத்துப் பல்லுல சரியா உக்காரவை."

"உக்காந்த எடத்துல அதிகாரத்துக்கு மட்டும் கொறச்சலே இல்ல!"

செயினைச் சுற்றி இணைத்து, லாக்கை வைத்தாள்.

"ஐயோ, திருப்பி வச்சிருக்கியே! பிளந்த பக்கம் பின்னாடி வரணும்டி. ஓட்டத்துல கழண்டுக்கும். வாங்குறவன் விழுந்து சாவறதா?"

"எனக்கு இப்புடித்தான் தெரியும்."

"குடு இங்க!"

பாய்ந்து வந்து லாக்கைப் பிடுங்கினான். திருப்பி வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். 'டிக்'கென்று உட்கார்ந்தது.

"எந்தக் கையால மாமா போட்டீங்க?"

குனிந்து பார்த்தான். ஆறு மாதத்துக்கு முன் பந்தயத்தில் விழுந்த பிறகு, இனி ஸ்பூன்கூடப் பிடிக்காது என்று அவன் விட்டுவிட்ட வலது கை.

"அப்போ... பண்ருட்டிக்காரரு?"

"அப்புடி யாருமே இல்ல மாமா. லாக்கையும் வேணும்னுதான் திருப்பி வச்சேன்."

அவன் விரல்களை மெல்ல மடக்கிப் பார்த்தான்.

"அனு, அத இன்னொரு தபா கழட்டு."