மாடிக்குப் பெயிண்ட் அடித்த மத்தியானம்

கடைசி மூலைக்கு வந்து நிமிர்ந்தபோதுதான், இறங்குகிற படி எதிர்ப்பக்கத்தில் இருப்பது அவனுக்கு உறைத்தது.

நடுவில் மொட்டைமாடி முழுக்க ஈர வெள்ளை. கூரைச் சூட்டைக் குறைக்கும் பெயிண்ட். நன்றாகக் காயும்வரை கால் வைக்கக் கூடாது என்று வாளியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

செருப்பு படியருகே. போன் செருப்பருகே. அவன் மட்டும் இங்கே, ரோலரும் கையுமாக.

இந்த மூலையில் ஆரம்பித்துப் படிப் பக்கமாக வாருங்கள் என்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று அவளை அடக்கி அனுப்பினான்.

அவனுக்கு அவன் கணக்கு. படியை ஒட்டி இருப்பது அவனுடைய படுக்கையறைக் கூரை. ஏசி எவ்வளவு ஓடினாலும் அறை குளிரமாட்டேன் என்கிறதே என்றுதான் இந்த வேலையையே எடுத்தான். அங்கே தாராளமாக, கெட்டியாகப் பூசினான். இந்த மூலைக்கு வருவதற்குள் பெயிண்ட் வாளியின் அடிக்குப் போய்விட்டது. தண்ணீர் விட்டுக் கலக்கி ஒப்பேற்றினான்.

இந்த மூலைக்குக் கீழே இருப்பது மாமனாரின் அறை.

மாமியார் போன பிறகு அவர் இவர்களோடுதான் இருக்கிறார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் வந்து தங்கியிருக்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பார். அறை வெக்கையாக இருக்கிறதா என்று கேட்டால், "எனக்கென்ன மாப்பிள்ளை, ஃபேன் இருக்கே" என்பார்.

அந்தப் பதில் அவனுக்கு ரொம்ப வசதியாக இருந்தது. ஒவ்வொரு கோடையையும் அதை வைத்தே ஓட்டிவிட்டான்.

பூசாமல் மிஞ்சியிருந்த ஒரு சாண் தரை கொதித்தது. காலை மாற்றி மாற்றி வைத்தபடி ரோலர் கம்பால் நாலு தட்டு தட்டி, "மாமா!" என்று கத்தினான்.

சத்தமே இல்லை. மத்தியானம் சாப்பிட்டதும் கதவைச் சாத்தினால் மனிதர் சாயங்காலம்தான் திறப்பார். கொடுத்துவைத்த பிறவி என்று பல்லைக் கடித்தான்.

பூசியதன் மேலேயே நடந்துவிடலாம்தான். கால்தடம் அப்படியே பதிந்து நிற்கும். துணி காயப்போட வரும்போதெல்லாம் மனைவி அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பாள். ஆயுசுக்கும் போதும்.

மிச்சம் இருந்தது பக்கத்து வீட்டு மாடி. இடுப்பளவு சுவர், தாண்டுவது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த வீட்டோடு பேச்சு கிடையாது. அவர்கள் வீட்டு விருந்தாளி ஒருமுறை இவன் கேட்டை மறித்து வண்டியை நிறுத்தப்போக, இவன் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். தெருவே வேடிக்கை பார்த்தது. நம் வீட்டு ஆட்கள் யாரும் இனி அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அன்றைக்கே உத்தரவும் போட்டான்.

காய்ந்த துணியை எடுக்க அந்த வீட்டம்மா மேலே வந்தாள்.

வாளியைப் பார்த்தாள். ஈர மாடியைப் பார்த்தாள். ஒற்றைக் காலில் நின்றவனைப் பார்த்தாள். சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. அவள் சிரிக்கவில்லை.

"உங்க படி வழியா இறங்கிக்கட்டுமா?" என்று வாளியைப் பார்த்துக் கேட்டான். காதுவரை சூடேறியது.

அவள் படிப் பக்கம் ஒரு தரம் திரும்பினாள். உதட்டைக் கடித்தாள். பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு பழிவாங்குகிறாள் என்று நினைத்தான்.

"சரி, வாங்க. சத்தம் போடாம வரணும். உள்ள தூங்குறாங்க."

வீட்டுக்காரர் தூங்குகிறார் போல என்று எண்ணிக்கொண்டு சுவரைத் தாண்டினான். பெயிண்ட் அப்பிய கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, பூனை மாதிரி அவள் பின்னால் இறங்கினான்.

கூடத்தில் திரை போட்டிருந்தது. ஏசியின் குளிர் முகத்தில் அடித்தது. சுவரோரக் கட்டிலில் யாரோ ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். நாற்காலியில் ஒரு சட்டை ஒழுங்காக மடித்துக் கிடந்தது.

முதலில் தலையணைதான் கண்ணில் பட்டது. நீலக் கட்டம் போட்ட உறை. மனைவி ஜோடியாக வாங்கியது. இன்னொன்று அவனுடைய கட்டிலில் கிடக்கிறது.

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தான்.

மாமனார் வாயைத் திறந்து, குழந்தை மாதிரி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலையணையோடு குடிவந்திருக்கிறார் என்றால் இது இன்று நேற்று ஆரம்பித்தது இல்லை. மனைவிக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் அவன் ஒருவன்தான்.

மாடியில் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை. இப்போதுதான் உடம்பு கூசியது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் விழிப்பதற்குள் போய்விடவேண்டும் என்று நுனிக்காலில் வாசலை நோக்கி நகர்ந்தான்.

மாமனார் கண்ணைத் திறந்தார்.

அவனைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டினார். மாப்பிள்ளை இங்கே எப்படி வந்தார், ஏன் உடம்பெல்லாம் பெயிண்ட் என்று அவர் கேட்கவில்லை. அவன் சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று முடிவே செய்துவிட்டார்.

"அவங்க மேல ஒரு தப்பும் இல்ல மாப்பிள்ளை. நான்தான் கேட்டு வந்தேன்" என்றார்.

பிறகு தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவனுக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்றார்.

"இனிமே வரமாட்டேன்."