இடது கை அணில்

அணில் மறுபடியும் விழுந்தது.

அவன் பியானோ கட்டைகளின் மேல் வைத்த கையை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மகளுக்கு இன்று என்ன ஆயிற்று?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும்தான் இந்த விளையாட்டு. அவன் ஓசூரில். மகள் நறுமுகை திருச்சியில், அவளுடைய அம்மாவோடு. இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி சின்னப் பியானோ, வயர் போட்டுக் கணினியோடு இணைத்தது. திரையில் ஒரு மரம். சரியான கட்டையைச் சரியான நேரத்தில் அழுத்தினால் அணில் அடுத்த கிளைக்குத் தாவும். பிசகினால் ஒரு கிளை கீழே விழும்.

வலது கை அணில் மகளுடையது. இடது கை அணில் அவனுடையது. இரண்டும் உச்சிக்குப் போய்விட்டால் ஒரு பாட்டு முடிந்துவிடும்.

பியானோ வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுது நின்றவள் நறுமுகை. விளையாட்டு என்றதும் உட்கார்ந்தாள். கூட விளையாட ஆள் வேண்டும் என்றாள். முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு இதெல்லாம் வராது என்று சுடர்க்கொடி எழுந்து போய்விட்டாளாம்.

அப்படித்தான் அவனுக்கு இந்த இடம் கிடைத்தது.

தொழிற்சாலையில் நட்டு முறுக்கிக் காய்த்துப்போன விரல்கள். மகளுக்கு ஈடுகொடுக்க வேண்டுமே என்று வேலையிலிருந்து வந்ததும் உட்கார்ந்து பழகினான். பேருந்தில் பிடித்திருக்கும் கம்பியின் மேலும் விரல்கள் தாமாக ஓடின.

விளையாட்டில் பேச முடியாது. முகமும் தெரியாது. ஆனால் அந்த அணில் தாவும்போதெல்லாம் திருச்சியில் ஒரு விரல் கட்டையைத் தொடுகிறது.

அந்த விரலுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது.

அடுப்பில் குக்கர் சத்தம் போட்டிருக்கும். சுடர்க்கொடி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்திருப்பாள்.

பார்த்திருப்பாளா?

அந்த வீட்டின் எந்தச் சத்தமும் இங்கே வந்து சேராது. பியானோ மட்டும்தான்.

சண்டை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் நடந்துவிடவில்லை. மகளோடு தன் அம்மா வீட்டுக்குப் போன சுடர்க்கொடி அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டாள். கூப்பிடட்டும் என்று அவள் இருந்தாளோ என்னவோ. வரட்டும் என்று அவன் இருந்தான். அப்படியே நாள் ஓடிவிட்டது.

அணில் மீண்டும் விழுந்தது.

நறுமுகை இப்படி விளையாடுகிறவளே அல்ல. விழுந்தால் விழுந்த கிளையிலிருந்தே மளமளவென்று ஏறிவிடுவாள். அப்பா பின்தங்கினாலும் நிற்கமாட்டாள்.

இன்றோ இருப்பதிலேயே எளிய பாட்டு. ஒவ்வொரு கட்டையும் அழுத்தலாமா என்று கேட்டுக்கொண்டு அழுத்துவது போல ஒலித்தது. ஒன்று பிசகினாலும் அணில் அடிமரத்துக்கே இறங்கி, முதல் கிளையிலிருந்து தொடங்கியது. அப்படித் தொடங்க வேண்டும் என்று விளையாட்டில் விதி ஏதும் இல்லை.

கைபேசி அடித்தது. தெரியாத எண்.

"அப்பா, நான்தான். டீச்சர் போன்லேருந்து பேசுறேன். கொடைக்கானல் டூர் வந்திருக்கோம்ல, இன்னைக்கு விளையாட வரமாட்டேன். அம்மா சொல்லலையா?"

அவன் திரையைப் பார்த்தான்.

அணில் இரண்டாவது கிளையில் கால் வைத்தது.

"சொன்னாம்மா" என்றான்.

அங்கே எவ்வளவு குளிர், யார் யார் பேருந்தில் வாந்தி எடுத்தார்கள் என்றெல்லாம் அவள் சொன்னாள். அவன் உம் கொட்டினான். அவள் வைத்துவிட்ட பிறகும் கைபேசி அவன் காதிலேயே இருந்தது.

சுடர்க்கொடி ஸ்கூட்டர் நிறுத்துவது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் கோணலாக நின்றாலும் சும்மா திருப்பி வைக்கமாட்டாள். தெருவரைக்கும் வெளியே கொண்டுபோய், மறுபடி முதலிலிருந்து உள்ளே ஓட்டிவந்து நிறுத்துவாள். அவன் வாசலில் நின்று சிரிப்பான். அவளும் சிரித்துவிடுவாள்.

மூன்றாவது கிளை.

விழுந்தது. அடிமரத்துக்கு வந்தது.

அவனுடைய அணில் எங்கேயோ உயரத்தில் இலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.

அவன் கைபேசியைக் கீழே வைத்தான். வேண்டுமென்றே ஒரு தப்பான கட்டையை அழுத்தினான். பிறகு இன்னொன்று. கிளை கிளையாக விழுந்து அவன் அணிலும் மண்ணுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பக்கம் கை நின்றுவிட்டது.

மரத்தடியில் இரண்டு அணில்கள். வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. அவள் எழுந்து போய்விட்டாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. விளையாட்டை மூடிவிட்டுப் போயிருந்தால் அணிலும் மறைந்திருக்கும்.

மறையவில்லை.

அவள் தொடங்கட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. முதல் கட்டையை அழுத்தினான்.

அடுத்தது அவளுடைய கட்டை.