வீட்டுக்குத் தெரியாமல்

மயக்கம் தெளிந்ததும் ஒச்சாண்டி கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குத் தெரியாதுல்ல?"

கூட வந்திருந்த சிநேகிதர் முத்துப்பாண்டி வாய்மேல் விரலை வைத்துக் காட்டினார். "மூச்!"

தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்த இதயத்தை நெஞ்சில் கரண்டு வைத்து ஒழுங்குக்குக் கொண்டுவந்திருந்தார்கள், தேனி ஆஸ்பத்திரியில். மனைவி பஞ்சம்மாள் பயந்து ஊரைக் கூட்டிவிடுவாள் என்று, பெரியகுளம் ஆபீசில் பட்டா வேலை என்று புளுகிவிட்டு வந்திருந்தார்.

"நெஞ்சுல தோல் எரியும், ஆறிடும்," என்றார் டாக்டர். "ஆனா ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைய ஒரு வேளைகூட விடக் கூடாது. சின்னக் கட்டி மூளைக்குப் போனாலும் பக்கவாதம்தான். இன்னைக்கு நல்லா ஓய்வெடுங்க."

சாயங்காலம் கூடலூரில் வீட்டு வாசலில் கால் வைத்ததுதான் தாமதம்.

"பட்டா கெடச்சுச்சா?"

"ஆபீசர் வரல."

"எந்த ஆபீசர்? பேரு இல்லையா அவருக்கு?"

"கிங்ஸ்லி."

"தெளிவாச் சொல்லுங்க."

"கிங்ஸ்லின்னு சொல்றேன்ல!"

பாயை விரித்தார்.

"படுக்குறதுக்கு முன்னாடி பரண்ல இருக்க அரிசி பொடைக்கிற சொளகை எடுத்துக் குடுங்க. ரெண்டு கையாலயும் எடுங்க."

எடுத்தார். சட்டைக்குள் சுரீரென்றது.

"வேணாம். அங்கனயே வச்சிருங்க."

வைத்தார்.

"வாசல்ல ஆடு நிக்குது. விசிலடிச்சு வெரட்டுங்க."

"ஏத்தா, நீயே போயி வெரட்டக் கூடாதா?"

"எனக்கு விசிலடிக்க வராது."

அடித்தார். ஆட்டைப் பார்க்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள் பஞ்சம்மாள்.

கண்ணசந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தட்டி எழுப்பினாள்.

"ஆபீசர் பேரு என்னன்னு சொன்னீக?"

ஒச்சாண்டிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப் பிழைத்து வந்திருக்கிறான் மனுஷன். நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு முகத்தைப் பார்த்தால் தெரிய வேண்டாமா? என்ன பொம்பளை இவள்!

நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று எழுந்து அடுப்படிப் பக்கம் போனார். உள்ளே பஞ்சம்மாள் போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே பாத்துட்டேன் சிஸ்டர். பேச்சு கொழறல. ரெண்டு கையும் நல்லாத் தூக்குறாக. வாயும் கோணல. ராத்திரிக்கும் எழுப்பி எழுப்பிப் பாத்துக்குறேன். நீங்க போன் போட்டதும் நேத்து நான் வந்து, கரண்டு வைக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனதை மட்டும் அவுக கிட்டச் சொல்லிராதீக. பாவம், எனக்குத் தெரிஞ்சா பயந்துருவேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக."