மூச்சுக் கோடு

“தூங்கும்போது உங்களுக்கு மூச்சு நின்னுபோகுது” என்றார் டாக்டர், கணினித் திரையை எதிரே இருந்தவர் பக்கம் திருப்பியபடி.

பஸ் டிரைவர் சிரித்துவிட்டார். “என்ன டாக்டரம்மா, எடுத்த எடுப்புல பயமுறுத்தறீங்க? எல்லாம் நல்லபடியா இருக்குன்னு ஒரு கையெழுத்து போட்டுக் கொடுப்பீங்கன்னுல்ல ஓடி வந்தேன்!”

அந்தச் சிரிப்பு டாக்டருக்குப் புதிதல்ல. இந்த அறைக்கு வருகிற டிரைவர்கள் எல்லோருமே முதலில் சிரிப்பார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் அப்படித்தான் வெளியே வரும்.

கூட வேலை செய்கிறவர்கள் இவரை ‘இன்ஜின்’ என்று கூப்பிடுவார்களாம். ஓய்வறையில் இவர் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தால் மற்றவர்கள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்களாம். போன மாதம் பட்டப்பகலில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணசந்து, சாலைத் தடுப்பில் பஸ்ஸை உரசிவிட்டார். பயணிகள் தப்பித்தது அவர்கள் செய்த புண்ணியம்.

தூக்கப் பரிசோதனை முடியாமல் வண்டியைத் தொடக் கூடாது என்று கம்பெனி அனுப்பிவைத்திருந்தது. விரலிலும் நெஞ்சிலும் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே படுக்கும் சின்னக் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார் டாக்டர். சில இரவுகள் கழித்து, இன்று மதியம்தான் அது திரும்பி வந்தது.

“இந்தக் கோடு உங்க மூச்சு. முன்ராத்திரியில ஒழுங்கா ஏறி இறங்குது, பாத்தீங்களா? விடிகாலையில கனவு வர்ற தூக்கம் ஆரம்பிச்சதும் அப்படியே படுத்துடுது. அந்தத் தூக்கத்துல உடம்பே தளர்ந்துபோகும். தொண்டையும் தளர்ந்து அடைச்சுக்குது.”

“அடைச்சுக்கிட்டா?”

“மூளை பதறிப்போய்த் தட்டி எழுப்பும். சில செகண்டுதான் முழிப்பு. முள்ளு முள்ளா நிக்குதே, அதெல்லாம் அதுதான். முழிச்சதே ஞாபகம் இருக்காது. மறுபடி கனவு, மறுபடி அடைப்பு. காலையில எழுந்திரிக்கும்போதே தலைவலி இருக்குமே?”

இன்ஜினின் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. “இருக்கும். தைலம் தேய்க்காத நாளே கிடையாது. வேலை செய்யச் சோம்பல்பட்டுச் சொல்ற சாக்குன்னுல்ல நெனச்சேன்.”

“சாக்கு இல்லைங்க. ராத்திரி பூரா உடம்பு மல்லுக்கட்டின களைப்பு.”

இன்ஜின் நாற்காலியை இழுத்துத் திரைக்கு அருகே போட்டுக்கொண்டார். வந்தபோதிருந்த அலட்சியம் இல்லை. அந்த முட்கள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

“மெஷின் தப்பா காட்டுமா?”

“ஒரு ராத்திரின்னா அப்படி நெனைக்கலாம். எல்லா ராத்திரியும் இதே கதைதான். அதுலயும் கடைசி ராத்திரி எனக்குச் சுத்தமாப் பிடிக்கலை.” டாக்டர் திரையை நகர்த்தினார். “இங்கே பாருங்க. மூச்சு நிக்கிற நேரம் நீண்டுக்கிட்டே போகுது. முழிப்பு தாமதமா வருது. ஆக்ஸிஜன் பாதாளத்துக்குப் போயிடுது. இந்த இடத்துல இதயமே துடிக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டுத்தான் துடிச்சிருக்கு.”

“உசிருக்கு ஒண்ணும்...” இன்ஜின் திரையை விட்டு டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் டாக்டரின் நாக்குக்குப் பழகுவதில்லை.

“மறைச்சுப் பிரயோஜனம் இல்லை. என்னைக்காவது ஒரு தடவை அந்த முழிப்பு வராம போனா அவ்வளவுதான். இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்ந்துடுங்க. காத்தை உள்ளே தள்ற மாஸ்க் ஒண்ணு மாட்டிவிடுவோம். அது இல்லாம பகல்ல கூட கண்ணை மூடக் கூடாது.”

அடுத்த கேள்வி என்னவென்று டாக்டருக்குத் தெரியும். ‘அப்போ பஸ்?’ என்று கேட்பார். கேட்டதும் பலர் அழுதிருக்கிறார்கள். மேசை மேல் இருந்த தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இன்ஜின் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. முகமெல்லாம் வியர்த்துக் கொட்ட, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழுத்தினார்.

“வீட்டுக்கா?”

“என் சம்சாரம். எடுக்க மாட்டேங்கறா. நான் கிளம்பும்போதே கண்ணைச் சொக்குது, கொஞ்சம் படுக்கறேன்னா...”

டாக்டருக்கு மனசு கசிந்தது. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்துக் காப்பாற்றிய குடும்பம். இனி என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் மனைவியிடம்தானே சொல்லியாக வேண்டும்?

“இந்த மாதிரி சேதியையெல்லாம் போன்ல சொல்லாதீங்க” என்றார் மெதுவாக. “வரச் சொல்லி, பக்கத்துல உட்காரவச்சு, பக்குவமா சொல்லலாம். நானும் இருக்கேன். இப்போ பாவம், தூங்கட்டும் விடுங்க.”

நாற்காலி பின்னால் சரிந்து விழ, இன்ஜின் துள்ளி எழுந்தார். காதில் இருந்த போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“அவ தூங்கக் கூடாது டாக்டரம்மா! அந்த மெஷினைக் கட்டிக்கிட்டுப் படுத்தது நான் இல்லை, அவதான்!”