எந்த ஓவர்?

கடைசிச் சுமை லாரிக்கு நேர் மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

டவர் கிரேனை ஓட்டும் அவளுக்கு, உச்சியிலுள்ள கண்ணாடிக் கூண்டிலிருந்து பார்த்தால் லாரி ஒரு சோப்புப்பெட்டி. பக்கத்தில் நிற்கும் சிக்னல்காரன் ஒரு மஞ்சள் தொப்பி, அவ்வளவுதான். மற்றபடி அவன் என்பது வாக்கி-டாக்கியில் வரும் குரல்.

"கொஞ்சம் இடது, மேடம். இன்னும் கொஞ்சம். போதும், இறக்குங்க. ஓவர்."

சைட்டில் அது சட்டம். யாராக இருந்தாலும் மேடம், சார்தான். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் எதிராளி வாயைத் திறக்கலாம்.

இத்தனை மாடிகளையும் அந்தக் குரலை நம்பித்தான் அவள் தூக்கி வைத்தாள்.

அந்தக் குரல்தான் திங்கட்கிழமை வாய்ச்சண்டையில் வேறு மாதிரி வெடித்தது. ஊர்க்கோடியில் புதிதாக எழும்பும் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு கிரேன் ஓட்ட அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவனைக் கூப்பிடவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளும் சரியென்று சொல்லிவிட்டாள்.

"அப்போ நமக்குள்ள எல்லாம் ஓவர்!" என்று விருட்டென்று போனவன் போனவன்தான்.

அன்றிலிருந்து, இரும்பு அந்தரத்தில் தொங்கும்போது மட்டும்தான் பேச்சு. நேரில் எதிர்ப்பட்டால் அவள் வானத்தைப் பார்ப்பாள். அவன் தன் பூட்ஸைப் பார்ப்பான்.

சாரக் குழாய்க் கட்டு லாரியில் அலுங்காமல் உட்கார்ந்தது. நாளைக்கு கிரேனையே பிரித்துவிடுவார்கள்.

"கொக்கி கழட்டியாச்சு, மேடம்," என்றான்.

ஓவர் சொல்லவில்லை.

அவள் காத்திருந்தாள். கரகரவென்று இரைச்சல் மட்டும் வந்தது.

"ஒரு விஷயம், மேடம். நேர்ல சொன்னா பாதியிலயே நீங்க ஆரம்பிச்சிடுவீங்க. இதுல நான் பட்டனை விடுற வரைக்கும் உங்களால பேச முடியாது பாருங்க, அதான்."

அவள் வாக்கி-டாக்கியைக் காதருகே கொண்டுபோனாள்.

"அந்த வேலைக்கு நீங்க தாராளமா போங்க. உங்கள மாதிரி ஓட்ட இங்க யாரு இருக்கா? என்னைக் கூப்பிடலையேன்னு எனக்கு வயித்தெரிச்சல், வேற ஒண்ணும் இல்ல. அப்புறம்... அன்னிக்கு ஓவர்னு சொன்னேன்ல, அது நீங்க நினைக்கிற ஓவர் இல்ல. இந்த ஓவர். நான் பேசிட்டேன், இனி நீங்க பேசுங்கன்னு அர்த்தம். நீங்கதான் அதுக்கப்புறம் வாயே திறக்கல."

புளுகு! பச்சைப் புளுகு. அதைக் கூச்சநாச்சமில்லாமல் சட்டப்படி வேறு சொல்கிறான்.

"ஓவர்," என்று முடித்தான்.

அவள் பட்டனைத் தொடவில்லை. கூண்டுக்குள் தன்னந்தனியாக, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

சைட் முழுவதற்கும் ஒரே சேனல். முதலில் பொறுமை இழந்தவர் சூப்பர்வைசர்தான்.

"மேடம், ஏதாவது பதில் சொல்லித் தொலைங்க. பெயின்ட் அடிக்கிறவங்க எல்லாம் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஓவர்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

"நீங்க பண்றது ரொம்ப ஓவர், சார். சரி, போற வழியில பாப்பாவை ஸ்கூல்லேருந்து கூட்டிக்கிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. அப்பா எப்ப வருவாருன்னு கேட்டுக் கேட்டே என் உயிரை எடுக்குறா. உங்க அக்கா வீட்டுல கொண்டு போய்ப் போட்ட பையையும் மறக்காம தூக்கிட்டு வாங்க. ஓவர்."



கண்ணாடியில் நெற்றியை வைத்துக் குனிந்து பார்த்தாள். அவன் அதற்குள் கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான்.