வாத்தியாரின் வணக்கம்

செவலை என்ற கிடாய்க்குட்டிக்கு மூக்கின்மேல் கோபம். சிலம்பம் பழகினால் அடங்குவான் என்று தாய் ஆடு அவனைக் குரங்கு வாத்தியாரிடம் கூட்டிப்போனது.

"யாரையாவது முட்டினால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவேன்," என்றார் வாத்தியார். பிறகு முதல் பாடமாக, எதிரே நின்று தலையைத் தாழ்த்தி வணங்கினார்.

குட்டி பாய்ந்து ஒரே முட்டாக முட்டியது. வாத்தியார் வேலிக்கு அப்பால் போய் விழுந்தார்.

தாய் குட்டியைப் பிடித்து இழுத்தது. "ஏண்டா இப்படிச் செய்தாய்?"

"அவர்தானே அம்மா சண்டைக்குக் கூப்பிட்டார்? தலையைத் தாழ்த்தினாரே!"

"அது வணக்கம்டா, பாவி. தலையைத் தாழ்த்தினால் சண்டை என்று உனக்கு யார் சொன்னது?"

அதற்குள் தகப்பன் கிடாய் ஓடிவந்தது. "பொறுமை என்றால் என்னவென்று நான் கற்றுத்தருகிறேன், வாடா," என்று தலையைத் தாழ்த்தியது.

குட்டி தாயின் பின்னால் ஒதுங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டது: "இதுவும் வணக்கமா, அம்மா?"