பத்தாம் பக்கம்

14 மே 1998, வியாழன்.

இன்று ஒரு பிழை விட்டேன். இரண்டு பேருடைய வாக்குமூலங்களை ஒன்றாக வைத்து ஸ்டேப்ளர் அடித்துவிட்டேன்.

சட்டத்தரணி வரதராசா சேரின் கந்தோரில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். இப்படி ஒரு நாளும் விட்டதில்லை.

கோர்ட்டிலிருந்து வந்த பிரதிகள் ஒரே கவரில் இருந்தன. எல்லாம் சிங்களம். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே தாள்களின் அடியில் அச்சாகியிருந்த எண்களைப் பார்த்து அடுக்கினேன். ஒன்று முதல் பதினாறு வரை. ஒன்றும் குறையவில்லை. இரண்டு முறை எண்ணிவிட்டுத்தான் அடித்தேன்.

சேர் கட்டைப் புரட்டினார். பாதியில் நின்றார்.

“பிள்ளை, இது ரெண்டு ஆக்களின்ரை வாக்குமூலம். ஒருத்தன் கலஹா, மற்றவன் புசல்லாவை. ரெண்டு பேருக்கும் கலியாணம் கட்டி வைச்சிருக்கிறீர்!”

“நம்பர் தொடர்ந்து வருது, சேர்” என்றேன்.

அவர் திட்டத்தான் வாய் திறந்தார். திட்டவில்லை. நகத்தால் ஊசியைக் கழற்றி, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ராஜலிங்கத்தின் வாக்குமூலம், ஒன்று முதல் ஒன்பது. திகதி ஏப்ரல் 19.

பழனியாண்டியின் வாக்குமூலம், பத்து முதல் பதினாறு. வேறொரு பொலிஸ் நிலையம். திகதி ஏப்ரல் 3.

ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து.

“மூண்டாம் திகதி ஒப்பம் வைச்சவனுக்கு, பத்தொன்பதாம் திகதி இன்னொருத்தன் ஒன்பது பக்கம் சொல்லுவான் எண்டு எப்பிடித் தெரியும்?”

சேர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

வாசலோரம் வாங்குப் பலகையில் இருந்த சிவமணி எழுந்து வந்தாள். பழனியாண்டியின் மனைவி. கலஹாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள். குண்டு கொண்டுவந்தவனுக்குத் தோட்டத்து லயத்தில், தன் அறையில் இடம் கொடுத்தான் என்று அவள் புருஷன் மேல் வழக்கு. அவனுக்கு எதிராக இருப்பது இந்த ஏழு தாள் மட்டும்.

“வெத்துத் தாள்லதான் கையெழுத்து வாங்குனாங்கன்னு அவரு அன்னைக்கே சொன்னாருங்களே ஐயா! யாரு நம்புனீங்க?”

அவள் சத்தம் போட்டது சேரைப் பார்த்து மட்டும் இல்லை. என்னையும் பார்த்துத்தான்.

பின்னேரம் போகும் கம்பியூட்டர் வகுப்பில் படித்ததைச் சொன்னேன். ஒவ்வொரு பைலும் தானாக ஒன்றிலிருந்துதான் தொடங்கும். தொடர வேண்டுமென்றால் ஓர் ஆள் உள்ளே போய், எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்று அடிக்க வேண்டும். முதல் பைல் முடிந்த பிறகுதான் அது முடியும்.

சேர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“இது காணாது. திகதியிலை எழுத்துப் பிழை எண்டு சொல்லிப்போட்டுப் போவாங்கள். எப்ப நம்பர் போட்டதெண்டு கண்ணாலை கண்ட ஆள் வேணும். ஆர் வந்து சொல்லுவினம்?”

சிவமணி திரும்பவும் வாங்கில் இருந்தாள்.

நான் என் மேசைக்கு வந்தேன். விசைப்பலகையில் கை வைக்க முடியவில்லை. கோபமாக இருந்தது. யார் மேல் என்று அப்போது தெரிந்திருக்கவில்லை.

தெரிந்த பிறகு பின்னேர வகுப்புக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு, கெலிஓயா பஸ் ஏறினேன்.

போயிருந்தால் பக்கத்துக் கதிரையில் திலகசிரி இருந்திருப்பார். என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார், தங்கச்சி என்று. ஒரு நாள் பேராதனைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து, என் பையைத் தரையில் கொட்டினார்கள். கூட வந்த அவர் தன் அடையாள அட்டையைக் காட்டினார். கொட்டியவனே குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டான். அவர் பொலிஸில் தட்டச்சு செய்கிறவர் என்று அன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு அவர் எதைக் கேட்டாலும் சொல்லிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நாட்குறிப்புக் கொப்பியைப் புரட்டினேன். எழுதியிருந்தது இவ்வளவுதான்:

“22 ஏப்ரல், புதன். பாடம்: பக்க எண். பக்கத்துக் கதிரைக்காரருக்கு உதவினேன். மாலு பணிஸ் வாங்கித் தந்தார்.”

எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அவர் தன் டிஸ்கெட்டைப் போட்டார். இரண்டு பைல். எல்லாம் சிங்களம். இரண்டும் ஒன்றிலிருந்து தொடங்கின.

“நங்கி, பொஸ் ரெண்டும் ஒரே புக் மாதிரி வேணும் சொல்றது. நம்பர் நிக்காம ஓடணும். எப்பிடி?”

முதல் பைல் எத்தனை பக்கம் என்று கேட்டேன். ஒன்பது என்றார். திரையில் இருந்தது யாருடைய கதை என்று நான் கேட்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்தேன்.

தொடக்க எண்ணை அடிக்கும் பெட்டி திரையில் எங்கே என்று அவருக்கு அகப்படவில்லை. நான்தான் எட்டி அவருடைய விசைப்பலகையில் அடித்தேன். முதலில் ஒன்று. பிறகு சைபர்.

சரியாக வந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த மீன் பணிஸை முழுவதும் சாப்பிட்டேன்.

நாளை: எட்டு மணிக்குக் கந்தோர். இந்தக் கொப்பியைச் சேரிடம் கொடுக்க வேண்டும். அன்று நடந்ததைச் சொல்லிச் சத்தியக் கடதாசி ஒன்று அடிக்க வேண்டும். புதிய பைல், ஒன்றாம் பக்கம். றமீலா என்ற என் பெயர், கெலிஓயா முகவரி. கையெழுத்து வைத்த பிறகு உம்மாவிடம் சொல்ல வேண்டும்.